பழைய மடிக்கணினியில் லினக்ஸ் நிறுவுதல் (பெங்களூரு)

தயாரித்த நிறுவனமும் மைக்ரோசாஃப்டும் கைவிட்டுவிட்ட மடிக்கணினியை லினக்ஸ் இயங்குதளத்தைக் கொண்டு மீண்டும் புழக்கத்துக்குக் கொண்டுவரும் பணி இது. வேலை சிக்கிக்கொள்வது பெரும்பாலும் முதல் அரை நிமிடத்தில்தான். கணினியைத் தொடக்கிவைக்கும் பயாஸ் நிரல் பென் டிரைவைக் கண்டுகொள்ளாது, டிவிடி டிரைவ் பழுதாகியிருக்கும், அல்லது பூட் வரிசையையே யாரோ கடவுச்சொல் போட்டுப் பூட்டியிருப்பார்கள். ஆனால் கணினிக்குள் இருக்கும் புராசசரும் நினைவகமும் நன்றாகவே வேலை செய்துகொண்டிருக்கும்.

பெங்களூருவில் இத்தகைய கணினிகளுக்குப் பஞ்சமே இல்லை. மென்பொருள் நிறுவனங்கள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மடிக்கணினிகளை மொத்தமாகக் கழிக்கின்றன. அவற்றில் ஒரு பகுதி, டவுன் ஹாலுக்கு அருகில் எஸ்.பி. ரோடு எனப்படும் சாதர் பத்ரப்பா சாலையின் கடைகளுக்கு வந்துசேர்கிறது. பழைய ரேம், சீமாஸ் பேட்டரி, ஹார்ட் டிஸ்கை யூஎஸ்பியில் இணைக்கும் கேபிள் என இந்த வேலைக்குத் தேவையான எல்லாமே அங்கே கிடைக்கும். மற்றொரு பகுதி மின்கழிவாக உடைபடப் போகிறது. அரசு அங்கீகாரம் பெற்ற மின்கழிவு மறுசுழற்சியில் நாட்டின் முன்னோடியான ஈ-பரிசரா 2005இல் நகருக்கு வெளியே தாபஸ்பேட்டையில் தொடங்கப்பட்டது. 14 அக்டோபர் 2025 அன்று விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு நின்றுபோனதால், விண்டோஸ் 11க்குத் தேவையான டிபிஎம் 2.0 சில்லு இல்லாத நல்ல கணினிகளும் இப்போது அந்த வரிசையில் நிற்கின்றன. ஓடக்கூடிய ஒரு கணினியை உடைப்பதற்கு அனுப்புவது வீண் செலவு. மறுசுழற்சி கடைசி வழியாகத்தான் இருக்க வேண்டும்.

வரலாறு

1996இல் பீசி குவெஸ்ட் இதழ் ஸ்லாக்வேர் லினக்ஸைச் சிடியில் இணைத்து வாசகர்களுக்குக் கொடுத்தது. அம்முயற்சியை முன்னின்று நடத்தியவர் பெங்களூருவில் வாழ்ந்த அதுல் சிட்னிஸ் (1962–2013). சிடியிலிருந்து நேரடியாக பூட் செய்வதற்கான எல் டொரீட்டோ விதிமுறை அதற்கு முந்தைய ஆண்டுதான் வெளியாகியிருந்தது. அன்றைய கணினிகளில் பலவற்றுக்கு அது தெரியாது. எனவே டாஸுக்குள் போய், ராரைட் என்னும் சிறு நிரலால் பூட் ஃபிளாப்பி ஒன்றும் ரூட் ஃபிளாப்பி ஒன்றும் எழுதிக்கொண்ட பிறகே சிடியைத் தொட முடிந்தது. சிட்னிஸும் நண்பர்களும் 2001இல் தொடங்கிய ‘லினக்ஸ் பெங்களூர்’ மாநாடு 2005 முதல் ஃபாஸ்.இன் என்ற பெயரில் நடந்தது. பின்னாளில் கர்நாடகக் கட்டற்ற மென்பொருள் இயக்கத்தின் தன்னார்வலர்கள் குரப்பனபாளையப் பகுதிக் குடிசைவாழ் பிள்ளைகளுக்காக அம்பேத்கர் சமூகக் கணினி மையத்தை நடத்தி, லினக்ஸிலும் கிம்ப் வரைகலை மென்பொருளிலும் பயிற்சி அளித்தனர்.

தடைகளும் வழிகளும்

பென் டிரைவை அறியாத பயாஸ் உள்ள கணினிக்கு பிளாப் பூட் மேனேஜர் உதவும். சிடியிலிருந்தோ ஃபிளாப்பியிலிருந்தோ ஏறி, யூஎஸ்பி டிரைவரைத் தானே வைத்துக்கொண்டு பென் டிரைவை பூட் செய்துவிடும்.

சிடியும் இல்லையென்றால் உள்ளிருக்கும் ஹார்ட் டிஸ்கே மிஞ்சும். அதில் ஏதோ ஒரு பழைய லினக்ஸ் ஓடினாலே போதும்: நிறுவியின் கர்னலையும் இனிட்ஆர்டி கோப்பையும் டிஸ்கில் போட்டு, பூட் லோடரான கிரப்பின் மெனுவில் ஒரு வரி சேர்த்து அங்கிருந்தே தொடங்கலாம். பலர் தடுமாறும் இடம் இதன் பிறகு வருகிறது. டெபியனின் சாதாரண சிடிக் கோப்பில் இருக்கும் இனிட்ஆர்டியை எடுத்துப் போட்டால், நிறுவி கிளம்பிவிடும். ஆனால் சிறிது நேரத்தில் சிடி டிரைவைக் காணோம் என்று நின்றுவிடும். ஹெச்டி-மீடியா என்ற பெயரில் டெபியன் தனியாக வெளியிடும் இனிட்ஆர்டிதான் ஹார்ட் டிஸ்க்குகளில் ஐஎஸ்ஓ கோப்பைத் தேடத் தெரிந்தது. ஐஎஸ்ஓ இருக்கும் பகிர்வை நிறுவும்போது அழிக்க முடியாது என்பதால் அதற்கு ஒரு சிறு பகிர்வை முன்பே ஒதுக்கிவிட வேண்டும்.

லேன் கேபிள் வழியாக பூட் செய்யும் பிஎக்ஸ்இ வசதி அலுவலக மடிக்கணினிகளில் அநேகமாக இருக்கும். அதற்குக் கோப்புகளை வழங்க இன்னொரு கணினியில் டிஎன்எஸ்மாஸ்க் நிரலை பிராக்ஸி முறையில் ஓடவிட்டால் வீட்டு ரவுட்டரோடு மோதல் வராது.

நிறுவனக் கணினிகளில் பூட் வரிசையை ஹார்ட் டிஸ்க்குக்கு மட்டும் என்று பூட்டி, சூப்பர்வைசர் கடவுச்சொல் போட்டிருப்பது வழக்கம். திங்க்பேட் போன்றவற்றில் அந்தக் கடவுச்சொல் தனிச் சில்லில் பதிந்திருப்பதால் சீமாஸ் பேட்டரியைக் கழற்றினாலும் போகாது. வாங்கும்போதே கடையில் பயாஸைத் திறந்து காட்டச் சொல்வது நல்லது. பில்லும் கேட்டு வாங்க வேண்டும்.

இவை எல்லாவற்றுக்கும் உறுதியான மாற்று, டிஸ்கைக் கழற்றுவது. டிஸ்க்குக்கே கடவுச்சொல் இல்லாதவரை இந்த வழி கைகொடுக்கும். அடிப்பக்கத்து ஸ்க்ரூக்களை அவிழ்த்து, இரண்டரை அங்குல டிஸ்கை எடுத்து, வேறு கணினியில் யூஎஸ்பி கேபிளால் இணைத்து அதிலேயே லினக்ஸை நிறுவித் திரும்ப மாட்டிவிடலாம். நிறுவும்போது மூன்றைக் கவனிக்க வேண்டும். கிரப் அந்த டிஸ்கிலேயே ஏற வேண்டும், உதவிக்கு வந்த கணினியின் டிஸ்கில் அல்ல. டிரைவர்கள் குறித்து டெபியன் கேட்கும் கேள்விக்கு, எல்லா டிரைவர்களையும் சேர்க்கும் விடையையே தர வேண்டும். இல்லாவிட்டால் இடம் மாறிய டிஸ்க் தன் ரூட் பகிர்வையே காண முடியாமல் தவிக்கும். பயாஸுக்குப் பதிலாக வந்த யூஇஎஃப்ஐ உள்ள கணினியானால், பூட் பதிவு உதவிக் கணினியின் நினைவில்தான் எழுதப்பட்டிருக்கும், டிஸ்கோடு கூட வராது. ஆகவே நீக்கத்தக்க ஊடகங்களுக்கான பொதுப் பாதையிலும் கிரப்பைப் பதியுமாறு நிறுவியிடம் சொல்ல வேண்டும்.

137 ஜிபிக்கு மேல் பார்க்கத் தெரியாத பழைய பயாஸில் பெரிய டிஸ்கைப் போட்டால், பூட் பகிர்வை டிஸ்கின் தொடக்கத்திலேயே வைக்க வேண்டும்.

பதிப்புத் தேர்வு

பழைய பென்டியம் எம் புராசசர்கள் சிலவற்றில், பல 32 பிட் கர்னல்கள் கேட்கும் பிஏஇ வசதி இருந்தும் அதை அவை அறிவிப்பதில்லை. ஃபோர்ஸ்பிஏஇ என்று கர்னலுக்குச் சொன்னால் ஓடும். 2013 வாக்கில் வந்த ஆட்டம் பே டிரெயில் கருவிகள் பலவற்றில் புராசசர் 64 பிட், யூஇஎஃப்ஐ மட்டும் 32 பிட். அவற்றுக்கு 32 பிட் கிரப் கோப்பும் வேண்டும். 1 ஜிபி ரேமுக்கு ஆண்டிஎக்ஸ் போன்ற இலகுவான பதிப்பு பொருந்தும். அசல் 32 பிட் கணினிகளுக்கு நிறுவி தந்த கடைசி டெபியன் 2023இல் வந்த 12ஆம் பதிப்பு. 2025 ஆகஸ்டில் வெளியான 13ஆம் பதிப்பில் அந்த நிறுவி கிடையாது.