கூட்டும் கூலியும்: சேலம்–நாமக்கல் சமவெளியில் சமூகக் குழுக்களின் நூறாண்டு

முன்னுரை

சேலம், நாமக்கல் சமவெளி பெரும்பாலும் மானாவாரி நிலம். காவிரிக் கரையை ஒட்டிய வாய்க்கால் பாசனத்தை விட்டால் கிணறும் ஏரியுமே உழவருக்குத் துணை. அத்தகைய மண்ணிலிருந்துதான் லாரி, ஆழ்துளைக் கிணற்று ரிக், கோழிப்பண்ணை, விசைத்தறி ஆகிய தொழில்கள் எழுந்தன. கடும் உழைப்பே இதற்குக் காரணம் என்று சொல்லிவிடுவது வழக்கம். ஆனால் உழைத்தவர் எல்லோரும் முதலாளி ஆகிவிடவில்லை. முதல் கடன் யாருக்குக் கிடைத்தது, யாரை நம்பிக் கிடைத்தது என்று கேட்டால்தான் சமூகக் குழுக்கள் தொழிலிலும் அரசியலிலும் ஆற்றிய பங்கு விளங்கும்.

நாடும் சங்கமும்

நாடு என்பது பழைய கொங்குப் பகுதியின் நிலப்பிரிவு. கொங்கின் 24 நாடுகளுள் கீழ்க்கரைப் பூந்துறை நாடு, இராசிபுர நாடு, வாழவந்தி நாடு முதலியவை இச்சமவெளியில் அடங்குபவை. அவற்றின் தலைவர்களான பட்டக்காரரும் நாட்டுக்கவுண்டரும் வழக்குத் தீர்த்தனர். கோயில் மரியாதையை முறைப்படுத்தினர். நெசவுத் தொழில் செய்த செங்குந்தர்களுக்கும் 72 நாடுகள் கொண்ட அமைப்பு இருந்ததை மானுடவியலாளர் மேட்டிசன் மைன்ஸ் 1984-இல் வெளியான தம் நூலில் விளக்கியுள்ளார். ஆங்கிலேயர் காலத்து நீதிமன்றங்கள் நாட்டாரின் வழக்குத் தீர்க்கும் அதிகாரத்தைக் குறைத்தன. பங்காளி உறவும் மாமன் மச்சான் உறவும் நெய்த வலைப்பின்னலோ அப்படியே நின்றது. பின்னாளில் சாதிச் சங்கங்களும் தொழில் கூட்டுகளும் இதன் மீதே எழுந்தன.

இந்த வலைப்பின்னல் அரசியலுக்குள் முன்பே நுழைந்துவிட்டது. திருச்செங்கோட்டை அடுத்த குமாரமங்கலம் ஜமீன்தாரான ப. சுப்பராயன் 1926 முதல் 1930 வரை சென்னை மாகாண முதலமைச்சராக இருந்தார். அரசுப் பணிகளில் வகுப்புவாரி உரிமையைச் செயல்படுத்தியது அவருடைய அமைச்சரவைதான். மறுபுறம், முன்பு சேலம் நகராட்சித் தலைவராக இருந்த ராஜாஜி 1925-இல் திருச்செங்கோடு வட்டம் புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமத்தை நிறுவினார். கதர், தீண்டாமை ஒழிப்பு, மதுவிலக்கு ஆகியவை அதன் பணிகள். 1937 அக்டோபர் 1-இல் மாகாணத்தில் மதுவிலக்கு முதலில் நடைமுறைக்கு வந்ததும் சேலம் மாவட்டத்தில்தான். கூலி வீட்டுப் பெண்களுக்கு அது ஆறுதல் தந்தது. மரமேறிக் கள் இறக்கியவர்களின் பிழைப்பைப் பறித்தது. ஒரே சட்டம் குழுவுக்குக் குழு வேறு பலனைத் தந்ததற்கு இது முதற்சான்று.

கூட்டு என்னும் முதலீடு

நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகள் 1950களின் பின்பகுதியிலிருந்து பெருகின. வங்கிகள் சிறு உழவரை ஏறெடுத்தும் பார்க்காத காலம் அது. ஒருவர் தோட்டத்தை ஈடு வைத்தார், இன்னொருவர் சீட்டு எடுத்துக் கொடுத்தார், மூன்றாமவர் வண்டியோடு போனார். பங்கு போட்டு வாங்கிய வண்டி கடனை அடைத்ததும் அடுத்த வண்டிக்கு ஈடாயிற்று. திருச்செங்கோட்டு ரிக் வண்டிகளும் இதே முறையில் பெருகி, இந்தியா முழுவதும் போய்த் துளை போட்டன, ஆப்பிரிக்காவரை சென்றன. கடனைத் திருப்பாதவருக்கு நீதிமன்றத்தைவிட உறவு வட்டத்தில் பெயர் கெடுவதே பெரிய பயம். அந்தப் பயம்தான் கூட்டின் உண்மையான ஈடு.

எனினும் தொழில் வளர்ச்சி முழுவதையும் குழுவின் கணக்கில் எழுதிவிட முடியாது. கோழிப்பண்ணைத் தொழிலே அதற்குச் சான்று. முட்டை விலையை அறிவிக்கும் தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு 1982-இல் உருவானது. அதே ஆண்டு எம்.ஜி.ஆர். அரசு சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியது. 1989-இல் கலைஞர் அரசு அதில் முட்டையைச் சேர்த்தது. 2010-இல் வாரம் ஐந்து முட்டையாக உயர்த்தியது. நாமக்கல் பண்ணைகளுக்கு நிலையான சந்தையைத் தந்தது அரசின் பணம். 1985-இல் அங்கே தொடங்கப்பட்ட கால்நடை மருத்துவக் கல்லூரியும் அரசின் பங்களிப்பே.

கூலியின் பாதை

நிலமில்லாதவருக்கு இந்தக் கூட்டில் இடமில்லை. அருந்ததியர் பண்ணையாட்களாக உழைத்தனர். மாடு பூட்டிக் கிணற்றில் கவலை இறைக்கத் தோல் சாலும் அதன் தும்பியும் தைத்துக் கொடுத்தனர். மின்மோட்டார் வந்ததும் அந்தக் கைத்தொழில் மறைந்தது. எந்திரம் வாங்க நிலம் ஈடானது; எந்திரத்தால் வேலை இழந்தவரிடம் ஈடு வைக்க எதுவும் இல்லை. பள்ளிபாளையம், குமாரபாளையம் விசைத்தறிகளில் கூலிக்கு ஓட்டுபவர் முன்பணம் வாங்கி, அது தீரும்வரை ஒரே தறிக்கூடத்தில் கட்டுண்டு கிடப்பது பல காலமாகத் தொடரும் நிலை. முதலாளிக்கு ஏணியான கடன் தொழிலாளிக்குத் தளையானது.

ஆகவே இக்குழுக்கள் அரசிடம் வைத்த கோரிக்கைகளும் வேறுபட்டன. நிலம் வைத்திருந்த கொங்கு வேளாளர் 1975-இல் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் சேர்ந்தனர். சேலம் மாவட்டத்தில் பெரும் எண்ணிக்கையில் வாழும் வன்னியர்கள் இடஒதுக்கீடு கோரி 1987-இல் மாநில அளவில் நடந்த சாலை மறியலில் பங்கேற்றனர். 1989-இல் மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 20 விழுக்காடு ஒதுக்கப்பட்டது. அருந்ததியருக்கு 2009-இல் 3 விழுக்காடு உள்ஒதுக்கீடு கிடைத்தது. அத்தகைய உட்பிரிவு செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2024-இல் தீர்ப்பளித்தது. வேளாளர் சாதி அமைப்புகள் கட்சிகளாகவும் உருவெடுத்தன. 2019-இல் நாமக்கல் மக்களவைத் தொகுதியில் கொங்குநாடு மக்கள் தேசிய கட்சி வேட்பாளர் தி.மு.க. சின்னத்தில் வென்றார்.

கூட்டின் மறுபக்கம்

கடனைத் திருப்ப வைக்கும் அதே கட்டுப்பாடு, யார் யாரை மணக்கலாம், யார் எதை எழுதலாம் என்பதிலும் தலையிடுகிறது. திருச்செங்கோட்டைக் களமாகக் கொண்ட பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ நாவல் 2014 இறுதியில் கடும் எதிர்ப்பைச் சந்தித்தது. எழுத்தை நிறுத்துவதாக அவர் அறிவித்தார். 2016-இல் உயர்நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. 2015-இல் ஓமலூரைச் சேர்ந்த தலித் பொறியாளர் ஒருவர் சாதி வெறிக்குப் பலியானார். அந்தக் கொலை வழக்கில் 2022-இல் சாதி அமைப்பொன்றின் தலைவர் உள்ளிட்டோருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது.

முடிவுரை

இச்சமவெளியில் சாதி வெறும் வாக்கு வங்கியாக இயங்கவில்லை; வங்கி இல்லாத இடத்தில் வங்கியாகவும் இயங்கியது. நிலம் வைத்திருந்தோர் அதை மூலதனமாக்கினர். நிலமற்றோர் சட்டத்தையும் இடஒதுக்கீட்டையும் நாடினர். இரண்டாவது பாதையைச் சலுகை என்றும் முதலாவதைத் திறமை என்றும் பிரிப்பது வரலாற்றுக்குப் பொருந்தாது. முட்டைக்குச் சந்தை தந்ததும் அரசுதான். ஈடும் உறவும் கேட்காத கடன் கூலித் தொழிலாளர்க்குக் கிடைக்காதவரை, பாடி கட்டுபவரும் தறி ஓட்டுபவரும் வண்டிக்கும் தறிக்கும் சொந்தக்காரர் ஆவது அரிது. அந்தக் கடனைத் தருவது கூட்டுறவு வங்கிகளின் கடமை.