கூனாத் தீவுகளில் இரு தம்பதியர்

என்னிடம் முன்னாளிற் படித்த மாணவர் ஒருவர், 2023-ஆம் ஆண்டில், தம் இளம் மனைவியுடன் நெடும்பயணம் ஒன்று மேற்கொண்டார். ஆளுக்கொரு மூட்டையை முதுகிற் கட்டிக்கொண்டு, கிடைத்த வண்டியில் ஏறி, கிடைத்த இடத்தில் உறங்கிச் செல்லும் பயணம் அது. மத்திய அமெரிக்காவில், பனாமா நாட்டின் கரிபியக் கடலோரத்திலுள்ள தீவுகளில் அவர்கள் ஆறு நாட்கள் தங்கினார்கள். திரும்பிய பின் என்னைக் காண வந்து, கைப்பேசியிற் படங்களைக் காட்டி, பட்ட பாட்டையெல்லாம் கூறினார்கள்.

விடியுமுன் பனாமா நகரை விட்டுப் புறப்பட்ட வண்டி, காடடர்ந்த மலையைக் கடந்தது. வழியில் ஒரு சாவடி. அங்கே பனாமாக் காவலர் மட்டுமல்லர், தீவு மக்களின் ஆட்களும் நின்று, கடவுச்சீட்டைப் பார்த்துத் தனி வரி வாங்கினர். பின்னர்ப் படகு, அலை எழும்பி இருவரையும் மூட்டையோடு நனைத்துவிட்டது. நாணற்குச்சிச் சுவரும் ஓலைக்கூரையும் மணல் தரையுமான குடிலில் இராத்தங்கல். மறுநாட் காலையில் மரத்தடியில் விழுந்து கிடந்த தேங்காயொன்றை நம் மாணவர் எடுத்திருக்கிறார். எங்கிருந்தோ ஒருவர் விரைந்து வந்து, அதை இருந்த இடத்திலேயே வைக்கச் சொன்னாராம். அத்தீவுகளில் உடையவர் இல்லாத தென்னை ஒன்றுகூட இல்லை. குடியிருப்புள்ள தீவுக்குப் போனால், முதலில் ஊர்த்தலைவரைக் கண்டு வந்த காரியத்தைச் சொல்லவேண்டும். படம் பிடிக்கவும் இசைவு பெறவேண்டும்.

“ஐயா, ஒரு கூப்பிடு தூரத்தில் முடிந்துபோகிற தீவுக்கு இத்தனை கட்டுப்பாடு எதற்கு?” என்று கேட்டார் மாணவர். அன்று அவருக்குச் சொன்ன விடையைச் சற்று விரித்து நேயர்களுக்குக் கூற விரும்புகிறேன்.

கூனா என்பது அம்மக்களின் பெயர். முன்பு சான் பிளாஸ் எனப்பட்ட அவர்களுடைய நாடு இன்று கூனா யாலா எனப்படுகிறது. முந்நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட சிறு பவளத் தீவுகளில் ஏறத்தாழ ஐம்பதில் மட்டுமே மக்கள் வாழ்கின்றனர். பழங்காலத்தில் இவர்கள் பெருநிலத்தின் ஆற்றங்கரைகளிலே வாழ்ந்தனர். பெரும்பாலோர் தீவுகளிற் குடியேறியது பத்தொன்பதாம் நூற்றாண்டிலேதான். இன்றும் பயிரும் குடிநீரும் பெருநிலத்தில், வீடு தீவில்.

இவர்களைப் பற்றி நேரிற் கண்டு எழுதிய பழைய ஐரோப்பியருள் ஒருவர் லயனல் வேஃபர் என்னும் அறுவை மருத்துவர். கடற்கொள்ளையரோடு வந்தவர். 1681-இல் வெடிமருந்து தீப்பற்றி முழங்கால் வெந்துபோக, நடக்கமாட்டாத அவரைக் கூட்டாளிகள் விட்டுச் சென்றனர். கூனா மக்கள் பச்சிலை வைத்துக் கட்டி அவரைக் குணப்படுத்தினர். சில திங்கள் கழித்துத் தம் கூட்டத்தாரைக் கண்டபோது, உடலெங்கும் வண்ணம் தீட்டியிருந்த அவரை அவர்கள் முதலில் அடையாளம் காணவில்லை! 1699-இல் வெளிவந்த அவருடைய நூலில், அம்மகளிர் மூக்கில் அணிந்த வளையத்தைப் பற்றிய குறிப்பு உண்டு. அவ்வளையத்தை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். ஸ்காட்லாந்து மக்கள் 1698-இல் இக்கரையில் ஒரு குடியேற்றம் நிறுவி, நோயாலும் பசியாலும் மடிந்து, 1700-இல் கைவிட்டுப் போனது வேறொரு பெருங்கதை.

கூனாக் குடும்பத்தில் மணமகன்தான் மனைவியின் வீட்டுக்குச் செல்கிறான். மகளிர் அணியும் மேற்சட்டையின் முன்னும் பின்னும் ‘மோலா’ என்னும் தையல் ஓவியம் இருக்கும். பல நிறத் துணிகளை அடுக்கி, மேற்றுணியை வெட்டி மடித்துத் தைத்து, அடியிலுள்ள நிறம் கோலமாகத் தெரியும்படி செய்வது அது. முன்னாளில் உடலிற் தீட்டிய கோலமே துணிக்கு மாறியது என்பர். காலிலும் கையிலும் மணிக்கோவைகளை இறுகச் சுற்றிக்கொள்வதும் உண்டு. மாலையானால் ஊர்மன்றத்திற் கூடுவார்கள். ‘சைலா’ எனப்படும் தலைவர் தொங்கு படுக்கையில் அமர்ந்து முன்னோர் வரலாற்றை இசையோடு பாடுவார். அதன் பொருளை உரைகாரர் ஒருவர் ஊராருக்கு விளக்குவார். மூலமும் உரையுமாகப் பாடம் சொல்லும் இம்முறையைக் கேட்டபோது எனக்கு நம் பழைய திண்ணைகள் நினைவுக்கு வந்தன.

1903-இல் பனாமா கொலம்பியாவினின்றும் பிரிந்து தனி நாடாயிற்று. புதிய நாட்டினர் இத்தீவு மக்களை ‘நாகரிகப்படுத்த’ முற்பட்டனர். கூனா மக்களிலும் பள்ளிக்கூடத்தை விரும்பியோர் இருந்தனர் என்பதை மறைத்தலாகாது. நார்கானாத் தீவின் தலைவரே 1907-இல் பாதிரியாரை வரவேற்றார். ஆனால் 1915-க்குப் பின் அரசாங்கம் காவல் நிலையங்களை நிறுவியதும் காரியம் வேறு வழியிற் சென்றது. மூக்கு வளையத்தைக் கழற்று, மோலாவைக் களை, கால்மணியை அறு என்று காவலர் கட்டளையிட்டனர். மறுத்த பெண்களைச் சிறையிலிட்டனர். நடனக் கழகம் என்று ஒன்றை வைத்து மகளிரை அங்கே வந்து ஆடும்படி வற்புறுத்தினர். இவையெல்லாம் கல்வியின் பெயராலும் முன்னேற்றத்தின் பெயராலும் நடந்தன.

இவ்விடத்தில் என்னைப் பற்றி ஒரு சொல். நான் தலைமையாசிரியனாக இருந்த பள்ளியொன்றில், ஊசி பாசி விற்கும் குடும்பத்துச் சிறுவன் ஒருவன் கழுத்து நிறைய மணிமாலையோடு வகுப்புக்கு வந்தான். சீருடை விதியை எடுத்துச் சொல்லி, ‘கழற்றிவிட்டு வா’ என்றேன். கடிந்துகூடச் சொல்லவில்லை. மறுநாள் அவன் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. சில வாரம் பார்த்துவிட்டு வருகைப் பதிவேட்டில் அவன் பெயரை நானே சிவப்பு மையால் அடித்தேன். சான் பிளாஸ் வரலாற்றைப் படித்தபோது, அந்தக் காவலரைப் பழிக்க எனக்கு நா எழவில்லை.

1925 பிப்ரவரியில், களியாட்ட விழா நாட்களில், கூனா மக்கள் கிளர்ந்தெழுந்தனர். அயிலிகாந்தித் தீவின் சிம்ரால் கோல்மன், உஸ்துப்புத் தீவின் நேலே கந்துலே ஆகிய இருவரும் தலைவர்கள். மார்ஷ் என்னும் அமெரிக்கர் ஒருவர் அவர்களுடைய விடுதலை அறிக்கையை எழுத உதவினார். காவலரும் அவரைச் சார்ந்தோருமாக இருபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். கலப்பிற் பிறந்த குழந்தைகள் சிலரும் கொல்லப்பட்டனர். எந்த நியாயத்தாலும் அதை மூடிவிட முடியாது. அமெரிக்கப் போர்க்கப்பலான கிளீவ்லாந்து அங்கே வந்து நிற்க, அமெரிக்கத் தூதர் நடுவராயிருக்க, மார்ச் 4-ஆம் நாள் உடன்படிக்கை ஏற்பட்டது. கூனா மக்கள் தனி நாட்டுக் கோரிக்கையைக் கைவிட்டனர். அரசாங்கம் அவர்தம் வழக்கங்களில் தலையிடுவதில்லை என்றும், பள்ளியை வலிந்து திணிப்பதில்லை என்றும் ஒப்புக்கொண்டது.

இதற்கு இரண்டே ஆண்டுகளுக்குப் பின், 1927-இல், வேறொரு தம்பதியர் அத்தீவுகளுக்கு வந்தனர். சுவீடன் நாட்டு அறிஞர் எர்லாண்டு நூர்டென்ஷோல்டும் அவர் மனைவி ஓல்காவுமே அவர்கள். எர்லாண்டின் தந்தையார் வடகடற் பனிக்கட்டி வழியே ஆசியாவைச் சுற்றிக் கப்பல் செலுத்திய பெரும்புகழாளர். ஓல்கா அம்மையார் அதற்கு முன்னரே கணவருடன் தென் அமெரிக்கக் காடுகளில் அலைந்து பழகியவர். அந்நியர் பொழுது சாய்ந்தபின் ஊரில் தங்கலாகாது என்பது கூனாத் தீவுகளின் நெடுநாளைய வழக்கம். காவலரைத் துரத்திய சினம் ஆறாத காலம் வேறு. எனினும் இவர்கள் அரசாணையோடு வரவில்லை. கேட்டுக் கற்க வந்தனர். நேலே கந்துலே அவர்களோடு உரையாடினார். கூனா மக்கள் தம் மந்திரப் பாடல்களைப் படவெழுத்துக்களாகக் குறித்து வைக்கும் முறையுடையவர்கள். அத்தகைய ஏடுகளை எர்லாண்டு பின்னர்க் கோதன்பர்க் நகரில் அச்சிட்டார்.

நேலே இத்தோடு நிற்கவில்லை. 1931-இல் தம் செயலாளரான ரூபன் பேரஸ் கந்துலே என்னும் இளைஞர் கோதன்பர்க்குச் சென்றார். ஆறு திங்கள் அங்கே தங்கி, பேராசிரியருடன் அமர்ந்து தம் மக்களின் வரலாற்றையும் பாடல்களையும் விளக்கினார். ஐரோப்பியன் தீவுக்கு வந்து குறிப்பெடுப்பது உலகம் கண்டதுதான். தீவிலிருந்து ஒருவர் ஐரோப்பாவுக்குச் சென்று பேராசிரியரின் ஏடுகளைத் திருத்தியது அரிது. மறு ஆண்டே எர்லாண்டு காலமானார். அவருடைய பெருநூல் 1938-இல், மாணவர் ஹென்றி வாசேன் பதிப்பிக்க வெளிவந்தது. கூனா மக்களின் பேறுகாலப் பாடலொன்று 1947-இல் அச்சேறியது. அதைக் கொண்டே பிரெஞ்சு அறிஞர் லெவி ஸ்டிராஸ் 1949-இல், சொல்லுக்கு நோய் தீர்க்கும் ஆற்றல் எங்ஙனம் வருகிறது என்பதை ஆராய்ந்தார்.

பள்ளிகளும் வந்தன. பள்ளியை எதிர்த்துக் கிளர்ந்த அதே நேலேதான், பின்னர்த் தம் இளைஞரைப் படிக்க அனுப்பினார். காவலன் கொண்டுவந்த பள்ளிக்கும், ஊர்மன்றம் கேட்டு வாங்கிய பள்ளிக்கும் உள்ள வேற்றுமை அவருக்குத் தெரிந்திருந்தது. 1938-இல் அந்நிலம் அவர்களுக்குரிய தனிப்பகுதியாக அறிவிக்கப்பெற்றது. 1953-இல் அதற்குரிய சட்டம் இயற்றப்பெற்றது. வெளியார் அங்கே நிலம் வாங்க இயலாது. பயணியர் தங்கும் குடில்களையும் கூனா மக்களே நடத்துகின்றனர். சாவடி வரியும், தேங்காய்க் கண்டிப்பும் எங்கிருந்து வந்தன என்று நம் மாணவர் இப்போது கேட்கமாட்டார். அத்தேங்காய் நெடுங்காலம் அவர்களுக்கு நாணயமாகவே வழங்கியது. கொலம்பியப் படகு வணிகரிடம் அதைக் கொடுத்தே வேண்டிய பொருள்களை வாங்கினர்.

அந்நியரைத் தடுத்து நிறுத்தியவர்களால் கடலைத் தடுக்க முடியவில்லை. கார்டி சுக்துப் என்பது நம் தம்பதியர் சென்ற தீவுகளில் ஒன்று. நீளம் நானூறு மீட்டருக்குள். அதற்குள் ஆயிரம் பேருக்கு மேல் நெருங்கி வாழ்ந்தனர். கடல் மட்டம் உயர்ந்து, காற்றுக் காலங்களில் நீர் வீட்டுக்குள் புகலாயிற்று. 2024 ஜூன் மாதத்தில் ஏறத்தாழ முந்நூறு குடும்பங்களுக்குப் பெருநிலத்தில், இஸ்பெர் யாலா என்னும் இடத்தில், அரசாங்கம் வீடு கட்டிக் கொடுத்தது. பலர் பெயர்ந்தனர், சிலர் தீவிலேயே இருந்துவிட்டனர். புதிய வீடுகள் நாணலும் ஓலையுமல்ல. நகரத்து வீடுகளைப்போல் வரிசையாக நிற்பவை.

மாணவர் காட்டிய படங்களுள் ஒன்று அத்தீவில் எடுத்தது. குடில் வாயிலில் முதிய அம்மையார் ஒருவர் நிற்கிறார். மோலா அணிந்திருக்கிறார், மூக்கில் பொன் வளையம். படம் எடுக்கலாமா என்று மாணவரின் மனைவி சைகையாற் கேட்டாளாம். அம்மையார் ஒரு விரலைக் காட்டினாராம், ஒரு டாலர் என்று. கொடுத்த பிறகுதான் நிமிர்ந்து நின்றாராம்.