வைரசுக் காய்ச்சலும் தசைச் சிதைவும்: திருவள்ளூர், கும்மிடிப்பூண்டி வட்டாரத்தை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

வைரசுக் காய்ச்சலைத் தொடர்ந்து தசைகள் பெருமளவில் சிதைந்து சிறுநீரகம் பழுதுறும் நிலையை மருத்துவம் ராப்டோமயோலிசிஸ் என்கிறது. சென்னை வட்டாரத்தின் பழைய காய்ச்சல் பதிவுகளைக் கொண்டு இந்நிலையை ஏன் அறிய இயலாது என்பதையும், அதனால் இன்றைய தொழிலாளர் பெறத்தக்க பாடத்தையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

வலியால் பெயர்பெற்ற காய்ச்சல்கள்

1780 இல் சென்னையில் பரவிய காய்ச்சல் நெடுங்காலம் டெங்கு எனவே கொள்ளப்பட்டது. 1952 இல் இன்றைய தான்சானியாவில் பரவிய சிக்குன்குனியா தனி நோயாக அறியப்பட்ட பின்னர் அக்கருத்து மறு ஆய்வுக்கு உள்ளாயிற்று. சிக்குன்குனியா என்னும் மக்கொண்டே மொழிச் சொல்லும் வலியால் உடல் வளைதலையே சுட்டுகிறது. 1964 இல் சென்னையைத் தாக்கிய இந்நோய் 2006 இல் தமிழகத்திற்கு மீண்டும் வந்தது. வலி பதிவான அளவிற்குத் தசையின் அழிவு பதிவாகவில்லை. அதனைக் காணும் கருத்தாக்கமே பிந்தித் தோன்றியதாகும்.

போர் தந்த அறிவு

1923 இல் சப்பானிய மருத்துவர் மினாமி, முதல் உலகப்போரில் புதையுண்டு இறந்த வீரர்களின் சிறுநீரகங்களை ஆராய்ந்து எழுதினார். 1941 இல் பைவாட்டர்சும் பீலும் இலண்டன் குண்டுவீச்சில் இடிபாடுகளுள் சிக்கிய நால்வரின் சிறுநீரகச் செயலிழப்பை விவரித்தனர். சிதைந்த தசையிலிருந்து வெளியேறும் மயோகுளோபின் சிறுநீரக நுண்குழல்களை அடைத்துப் பழுதாக்குகிறது என்பது பின்னர்த் தெளிவாயிற்று. நசுங்குதல் இன்றியும் இன்புளுயன்சா, டெங்கு, கோவிட் போன்ற தொற்றுகள் இதே விளைவை உண்டாக்கலாம் எனவும் அறியப்பட்டது. இந்தியாவின் முதல் டயாலிசிஸ் 1961 இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் நிகழ்ந்தது. அதற்கு முன்னர் இத்தகைய நோயாளிக்கு இந்நாட்டில் அவ்வழி இருந்ததில்லை.

தொழிற்பேட்டைச் சூழல்

கும்மிடிப்பூண்டி சிப்காட் வளாகத்தில் உருக்காலைகள் உள்ளன. உலை வெப்பம், கடும் உடலுழைப்பு, நீரிழப்பு ஆகிய மூன்றும் தனித்தனியே தசையையும் சிறுநீரகத்தையும் தாக்கக்கூடியவை. காய்ச்சலோடு பணிக்குச் செல்பவரிடம் அவை ஒன்றுசேர்கின்றன. கூலி இழப்பிற்கு அஞ்சி ஓய்வைத் தவிர்ப்போர்க்கு இடர் மிகுதி. பால் கலவாத தேநீர் நிறத்தில் சிறுநீர் கழிதல் முதன்மையான எச்சரிக்கையாகும். சோதனைப் பட்டை குருதி உண்டெனக் காட்ட, நுண்ணோக்கியில் சிவப்பணுக்கள் காணப்படாவிடின் மயோகுளோபினை ஐயுறலாம். இவ்வெளிய சோதனை சிறிய மருத்துவமனைக்கும் இயல்வதே. காலத்தே நரம்பு வழி நீர் ஏற்றுவது பலரின் சிறுநீரகத்தைக் காக்கும்.

முடிவுரை

பதிவேட்டில் ஒரு நோய் இல்லாமை, அந்நோய் மக்களிடம் இல்லாமைக்குச் சான்றாகாது. 2022 சனவரியில் திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. இனி அம்மாவட்டத்தின் காய்ச்சல் பதிவுகளில் நோயாளியின் தொழிலும் சிறுநீரின் நிறமும் இடம்பெறுமாயின், முந்தைய நூற்றாண்டுகள் காணாத இந்நோயின் வரலாற்றை எழுதவும் உயிர்களைக் காக்கவும் அவை ஒருங்கே துணைசெய்யும்.