மின்காந்தம் வலுப்பெற்ற கதை
1820இல் கோபன்ஹேகனில் இயற்பியலாளர் ஆயர்ஸ்டெட், மின்னோட்டம் பாயும் கம்பியருகே காந்த ஊசி விலகுவதைக் கண்டார். மின்னோட்டத்தின் திசையை மாற்றியதும் ஊசி எதிர்ப்பக்கம் திரும்பியது. இந்த விளைவைப் பயன்படுத்தி மின்காந்தம் செய்ய, இங்கிலாந்தின் வில்லியம் ஸ்டர்ஜன், லாட வடிவ இரும்பில் வார்னிஷ் பூசி, உறையில்லாத செப்புக் கம்பியை 18 சுற்றுகள் இடைவெளிவிட்டுச் சுற்றினார். சுமார் 200 கிராம் இரும்பு 4 கிலோவைத் தூக்கியது. மின்னோட்டம் கூடினால் பிடி இறுகியது. நின்றால் எடை விழுந்தது. திசை மாறினால் துருவங்கள் இடம் மாறின.

பெரிய பாய்ச்சல் அமெரிக்காவில் நிகழ்ந்தது. ஆல்பனியில் ஆசிரியராயிருந்த ஜோசப் ஹென்றி, கம்பிக்கே உறையிட்டார். சுற்றுகள் தொட்டுக்கொண்டாலும் மின்னோட்டம் குறுக்கே பாயாததால், அடுக்கடுக்காக நெருக்கிச் சுற்ற முடிந்தது. எளிய யோசனைதான், விளைவோ வியப்பானது. 1831இல் யேல் கல்லூரிக்காக அவர் செய்த காந்தம் 900 கிலோவுக்கு மேல் தூக்கியது. ஆனால் இரும்பு மேலும் காந்தமாக முடியாத தெவிட்டுநிலையை எட்டியபின் மின்னோட்டத்தைக் கூட்டியும் பலன் சொற்பமே.