அளக்கப்படாத பால்

மருந்துப் பெட்டிக்குள் எட்டாக மடித்து வைத்திருக்கும் மெல்லிய தாளை நம்மில் பலர் பிரித்துப் பார்ப்பதில்லை. பிரித்தாலும் எழுத்து அத்தனை பொடி. நான் அதை வாசிக்கத் தொடங்கியது மருத்துவ அக்கறையால் அல்ல, மொழி மீதுள்ள ஆர்வத்தால். பாலூட்டும் பெண்களைப் பற்றி அந்தத் தாள்களில் திரும்பத் திரும்ப ஒரே செய்தி வரும்: இந்த மருந்து தாய்ப்பாலில் கலக்கிறதா என்று தெரியவில்லை, எச்சரிக்கை தேவை. இலக்கணம் நடத்துகிறவளுக்கு இந்த வாக்கியத்தைப் பார்த்ததும் எழுவாயைத் தேடத் தோன்றும். யாருக்குத் தெரியவில்லை? தெரிந்துகொள்ள யார் முயன்றார்கள்?

முகப்பரு மருந்துகளை வைத்து இதற்கு விடை தேடலாம் என்று நினைக்கிறேன். 'பருதானே' என்று தள்ளிவிட வேண்டாம். பெண்ணுடலை ஓர் அரசு எந்தக் கண்ணால் பார்க்கிறது என்பதை இவற்றைப்போல வெளிப்படையாகக் காட்டிய மருந்துகள் குறைவு.

கட்டி கட்டியாக எழும்பித் தழும்பாகிப்போகும் கடுமையான பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் கேட்கும் என்பதை 1979-இல் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் கேரி பெக்கும் அவருடைய குழுவினரும் வெளியிட்டார்கள். வைட்டமின் ஏ குடும்பத்தைச் சேர்ந்த மருந்து இது. 1982-இல் ரோஷ் நிறுவனம் 'அக்யூடேன்' என்ற பெயரில் அதை அமெரிக்கச் சந்தைக்குக் கொண்டுவந்தது. கருவைப் பாதிக்கும் என்பது விலங்குச் சோதனைகளிலேயே தெரிந்திருந்ததால் கர்ப்பிணிகள் உண்ணக் கூடாது என்ற எச்சரிக்கை முதலிலிருந்தே இருந்தது. ஆனாலும் மறு ஆண்டே குறைபாடுகளோடு பிறந்த குழந்தைகளைப் பற்றிய செய்திகள் வரத் தொடங்கின. காது, முகம், இதயம், மூளை என்று அந்தப் பாதிப்புகளுக்கு ஒரு தனி வடிவமே இருப்பதை எட்வர்ட் லாம்மர் குழுவினரின் 1985-ஆம் ஆண்டுக் கட்டுரை உறுதிசெய்தது.

அதன்பின் கட்டுப்பாடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறின. 1988-இல் கர்ப்பத் தடுப்புத் திட்டம். அது போதவில்லை என்று 2002-இல் இன்னொன்று. அதுவும் போதாமல் 2006-இல் 'ஐபிளெட்ஜ்' பதிவேடு. மருத்துவர், மருந்துக்கடை, நோயாளி மூவரும் அதில் பதிந்தாக வேண்டும். கருத்தரிக்கக்கூடிய பெண் என்றால் தொடங்கும் முன் இரண்டு கர்ப்பப் பரிசோதனைகள், பிறகு மாதாமாதம் ஒன்று. இரண்டு வகைக் கருத்தடை, அல்லது உடலுறவே இல்லை என்ற உறுதிமொழி. மாதந்தோறும் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். குறித்த நாட்களுக்குள் மருந்தை வாங்காவிட்டால் அனுமதி காலாவதியாகிவிடும். ஒரு பெண்ணின் சொல்லை நம்பாத ஏற்பாடு இது என்று அமெரிக்கப் பெண்ணியலாளர்கள் எழுதினார்கள். எனக்கும் அதில் உடன்பாடுதான். ஆனால் அந்தக் குழந்தைகளை மறந்துவிட்டுப் பேசவும் என்னால் முடியவில்லை.

கருப்பைக்கு இத்தனை காவல் போட்ட இதே ஏற்பாட்டில் தாய்ப்பாலுக்குக் கிடைத்தது ஒரே ஓர் அறிவுரை: பாலூட்டாதீர்கள். அந்த அறிவுரை தவறு என்று சொல்லவில்லை. ஐசோட்ரெட்டினாயின் கொழுப்பில் கரைவது, பாலில் கொழுப்பு உண்டு. பால் கொடுக்கும் காலத்தில் அதைத் தொடாமலிருப்பதே சரி. என் கேள்வி வேறு. இந்த ஒரு மருந்துக்குப் பொருந்தும் தடை, ஆராயப்படாத மற்ற மருந்துகள்மீதும் அச்சமாகப் படர்ந்தது எப்படி?

இதற்குத் தாலிடோமைடு காலத்துக்குப் போக வேண்டும். 1950-களின் இறுதியில் கர்ப்பகாலக் குமட்டலுக்கென்று பல நாடுகளில் கொடுக்கப்பட்ட அந்த மருந்தால் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் பாதிக்கப்பட்டார்கள். அமெரிக்காவில் அதற்கு அனுமதி தராமல் பிடிவாதமாக நின்றவர் பிரான்சிஸ் கெல்சி என்ற பெண் அதிகாரி. அவர் செய்தது என்ன? ஆதாரம் போதாது, இன்னும் ஆராய்ந்து கொண்டுவாருங்கள் என்று திருப்பித் திருப்பி அனுப்பினார். ஆனால் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 1977-இல் எடுத்துக்கொண்ட பாடம் தலைகீழானது. கருத்தரிக்க வாய்ப்புள்ள பெண்களை மருந்தாய்வின் தொடக்கக் கட்டங்களிலிருந்து விலக்கிவிடுங்கள் என்றது அதன் வழிகாட்டுதல். திருமணமாகாதவள், கருத்தடை செய்துகொண்டவள், கணவன் அறுவை செய்துகொண்டவள் எல்லோரும் அதில் அடக்கம். 1993 வரை இது நீடித்தது. பெண்ணைப் பாதுகாக்கிறோம் என்ற பெயரில் அவளைப் பற்றிய அறிவையே தடுத்துவிட்டார்கள்.

இதே முகப்பரு மருந்துகளின் வரலாற்றில் ஆராய்வதற்கென்றே கையளிக்கப்பட்ட உடல்களும் உண்டு. பிலடெல்பியாவின் ஹோம்ஸ்பர்க் சிறையில் 1951 முதல் 1974 வரை தோல் மருத்துவர் ஆல்பர்ட் கிளிக்மன் கைதிகள்மீது சோதனைகள் நடத்தினார். அவர்களில் பெரும்பாலோர் கறுப்பின ஆண்கள். பருவுக்குப் பூசும் ட்ரெட்டினாயின் களிம்பு உருவான ஆய்வுகளில் ஒரு பகுதி அங்கே நடந்தது. பென்சில்வேனியா பல்கலைக்கழகம் அதற்காக 2021-இல் மன்னிப்புக் கேட்டது. மறுக்க முடியாதவனின் தோலை அளந்தார்கள். சம்மதித்து வரக்கூடிய தாயின் பாலை அளக்க ஆள் இல்லை.

ஆளே இல்லை என்பதும் முழு உண்மையல்ல. வளர்ந்த பெண்களுக்குத் தாடை ஓரங்களில் வரும் ஹார்மோன் பருவுக்கு இன்று ஸ்பைரோனோலாக்டோன் எழுதித் தருகிறார்கள். அடிப்படையில் அது இரத்த அழுத்த மாத்திரை. பாலூட்டும்போது அதை உண்ணலாமா என்று கேட்டால் மருத்துவ நூல்கள் காட்டுவது 1977-இல் வெளியான ஓர் அளவீட்டை. அதில் இருந்தவர் ஒரே ஒரு தாய். அவருடைய பாலில், உடல் அந்த மருந்தை உடைத்து உண்டாக்கும் பொருளை அளந்தார்கள். குழந்தைக்குப் போய்ச் சேரக்கூடியது தாய் உண்ட அளவில் சுமார் 0.2 சதவீதம் என்று கணக்கிட்டார்கள். பெண்களை ஆய்விலிருந்து விலக்கிய அதே ஆண்டில் ஒரு பெண் தந்த பால்தான் இன்றுவரை பலருக்கும் வழிகாட்டுகிறது.

இதைத் தேடிப் படிக்க எனக்கு ஒரு காரணம் இருந்தது. ஐந்து மாதக் கைக்குழந்தையோடு முதுகலை படிக்க வந்த மாணவி ஒருவர் வகுப்பு முடிந்ததும் என்னிடம் வந்தார். முகமெங்கும் பழுத்த பரு. தலையணை உறை பட்டாலே வலிக்கிறது என்றார். அவர் பார்த்த மருத்துவர், "பால் மறக்கடிச்சிட்டு வாம்மா. அதுவரைக்கும் உன் முகத்த யார் பார்க்கப்போறா" என்று அனுப்பியிருக்கிறார். "பாலை நிறுத்திடட்டுமா மேம்?" என்று கேட்டார். வலி என்று வந்தவளுக்கு அழகுக் கவலை என்று பேர் வைத்து அனுப்புவது எத்தனை சுலபமாக இருக்கிறது!

பாலை நிறுத்தித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. பென்சாயில் பெராக்சைடு, அசெலாயிக் அமிலம், கிளிண்டமைசின் போன்ற பூசுமருந்துகள் தோல் வழியே இரத்தத்துக்குப் போவது மிகக் குறைவு. போவதே குறைவென்றால் பாலுக்கு வருவது அதிலும் குறைவு. மார்பிலும், குழந்தையின் கன்னமோ வாயோ படும் இடத்திலும் பூசாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். டெட்ராசைக்ளின் வகை மாத்திரைகள் குழந்தைகளின் பல்லைப் பழுப்பாக்கும் என்பது நேரடியாக மருந்து கொடுக்கப்பட்ட குழந்தைகளிடம் கண்டது. தாய்ப்பாலில் உள்ள கால்சியம் அந்த மருந்தைப் பிடித்துவைத்துக்கொள்வதால் குழந்தையின் உடலில் சேர்வது குறைவு. சில வாரங்களுக்கு மட்டுமென்றால் டாக்ஸிசைக்ளின் கொடுக்கலாம் என்கிறார்கள். பருவுக்காக மாதக்கணக்கில் என்றால் தயங்குகிறார்கள். அதன் உறவான மினோசைக்ளினால் பால் கறுத்துப்போனதாக அரிதான பதிவு ஒன்று உண்டு. அதைப் படித்த இரவு எனக்கு நெடுநேரம் தூக்கம் வரவில்லை. வாய்வழி ஐசோட்ரெட்டினாயின் மட்டும் கூடவே கூடாது. எல்லாமே மருத்துவரோடு பேசி முடிவெடுக்க வேண்டியவைதான். ஆனால் பேசுவதற்கு விஷயம் இருக்கிறது.

தாய் உண்பது பிள்ளைக்குப் போகும் என்பது நமக்குப் புதிதல்ல. கைக்குழந்தைக்கு மாந்தம் என்றால் தாய் பத்தியம் இருப்பாள். குழந்தையின் நோய்க்குத் தான் மருந்துண்ணும் தாயை வைணவ ஆசாரியர்கள் இறைவனுக்கே உவமையாக்கினார்கள். அழகான உவமைதான். அந்தத் தாய்க்கே நோய் வந்தால் என்ன செய்வாள் என்பதற்கு உவமையில் இடமில்லை.

மாற்றம் மெதுவாக வந்தது. 2006-இல், ஐபிளெட்ஜ் தொடங்கிய அதே ஆண்டில், அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகம் 'லாக்ட்மெட்' என்ற தரவுத்தளத்தை இலவசமாகத் திறந்தது. எந்த மருந்து பாலில் எவ்வளவு வருகிறது என்று பதிவானவை எல்லாம் அதில் உண்டு. என் மாணவியும் நானும் அதை என் கைப்பேசியில்தான் படித்தோம். அச்செடுத்துக்கொண்டு அவர் வேறொரு மருத்துவரிடம் போனார். அமெரிக்க மருந்துத் தாள்களில் 2015 முதல் பாலூட்டலுக்குத் தனிப் பகுதி கட்டாயமானது. கர்ப்பிணிகளையும் பாலூட்டுவோரையும் பற்றிய மருந்தாய்வுக்கென 2016-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்கீழ் அமைந்த பணிக்குழு, 2018-இல் 15 பரிந்துரைகளைத் தந்தது. இவர்களை ஆய்வுக்கு வெளியே நிறுத்தும் வழக்கத்தை மாற்ற வேண்டும் என்பது அவற்றின் சாரம்.

பாலை எப்படி அளப்பது என்று 2019-இல் ஒரு வரைவு வழிகாட்டுதலும் வந்தது. ஒரு தாய் மாத்திரை உண்ட நேரத்திலிருந்து ஒரு நாள் முழுக்கப் பிழிந்தெடுக்கும் பாலை நேரம் குறித்துத் தனித்தனிப் புட்டிகளில் சேர்த்து, ஒவ்வொன்றிலும் மருந்து எவ்வளவு என்று பார்ப்பது அதில் சொல்லப்படும் முறைகளில் ஒன்று. இதற்குப் புதிய கருவி எதுவும் கண்டுபிடிக்க வேண்டியிருக்கவில்லை. 1977-இல் அந்தப் பெண்ணின் பாலை அளந்ததும் ஏறக்குறைய இப்படித்தான்.