டாயில்

அயர்லாந்தின் வம்சப் பெயர்களுள் ஒன்றாகிய 'டாயில்' என்பது, கருமையைக் குறிக்கும் 'டுவ்' என்ற சொல்லும் அந்நியனைக் குறிக்கும் 'கால்' என்ற சொல்லும் புணர்ந்து பிறந்த ஐரிஷ் இயற்பெயரொன்று, 'இன்னாரின் சந்ததி' எனப் பொருள்படும் 'ஓ' என்ற முன்னொட்டைப் பெற்றுக் குடும்பப் பெயராகி, பின்னர் ஆங்கில வழக்கில் அவ்வொட்டை இழந்து நிலைத்த வடிவமாகும். வைக்கிங் கடலோடிகளைச் சுட்டிய பெயராதலின், அவர்கள் குடியேறிய கீழைக் கடற்கரையையும் அதனை அடுத்த உள்நாட்டையும் சார்ந்த வெக்ஸ்ஃபோர்டு, விக்லோ, கார்லோ மாவட்டங்களில் இக்குடும்பங்கள் செறிந்திருப்பது மிகப் பொருத்தமே. 1922-இல் டப்ளின் ஆவணக் காப்பகத்தை விழுங்கிய தீ, இக்குடும்பங்களின் பரவலை அறிய உதவியிருக்கக்கூடிய 1821 முதல் 1851 வரையிலான குடிக்கணக்கேடுகளுட் பெரும்பாலானவற்றை அழித்துவிட்டது. ஈடுசெய்யவொண்ணாத நஷ்டம் அது. ஆயினும், வரி விதிப்பின் பொருட்டு ரிச்சர்ட் கிரிஃபித் மேற்பார்வையில் 1847 முதல் 1864 வரை வெளியான மதிப்பீட்டுப் பதிவேடுகள், நிலமும் வீடும் அனுபவித்தோர் பெயர்களை ஊர்வாரியாகத் தருவதால், இப்பெயரின் பரவலை ஆராயப் புகுவோர் முதலில் நாடவேண்டியவை அவையே.