விஜயா, ஜெ. (1959–1987)

ஆமைகளை ஆராய்ந்த களஆய்வாளர். இந்தியாவின் முதல் பெண் ஊர்வனவியலாளர் என்று குறிப்பிடப்படுபவர். சென்னைப் பாம்புப் பண்ணையிலும் வடநெம்மேலி முதலைப் பண்ணையிலும் பணியாற்றினார். ஏறத்தாழ 70 ஆண்டுகள் எந்த ஆய்வாளர் கண்ணிலும் படாமல் இருந்த சூரல் ஆமையை 1982-ல் கேரளக் காட்டில் மீண்டும் கண்டறிந்தார். அந்த ஆமையின் பேரினம் இன்று அவர் பெயரால் ‘விஜயாகெலிஸ்’ என வழங்குகிறது. அவர் களத்தில் இருந்த காலம் பத்தாண்டுக்கும் குறைவு.

பெங்களூரில் பிறந்தவர். நண்பர்களுக்கு விஜி. சென்னை எத்திராஜ் கல்லூரியில் விலங்கியல் படித்துக்கொண்டிருந்தபோதே, 1978-ல், கிண்டி பாம்புப் பண்ணைக்குத் தொண்டராக வந்து சேர்ந்தார். அந்த நாளில் கல்லூரி விலங்கியல் என்றால் மெழுகுத் தட்டில் குண்டூசி குத்திய தவளையும் கரப்பான்பூச்சியும், பிறகு ரெக்கார்டு நோட்டில் பென்சில் படமும்தான். உயிருள்ள விலங்கை அதன் இடத்தில் போய்ப் பார்ப்பது பாடத்திட்டத்தில் பெரும்பாலும் இல்லை. கல்லூரி கொடுக்காததைப் பண்ணை கொடுத்தது. ஊர்வன ஆய்வாளர் ராமுலஸ் விட்டேகர் 1972-ல் கிண்டியில் நிறுவிய இந்தப் பண்ணையில் இருளர்கள் பாம்பு பிடித்தார்கள், மாணவர்கள் கூண்டு கழுவினார்கள், மாலையில் எல்லாரும் சேர்ந்து பாம்பைப் பற்றிப் பேசினார்கள். 1970-களின் தொடக்கத்தில் சென்னைக் கடற்கரையில் இரவெல்லாம் நடந்து பங்குனி ஆமைகளின் முட்டைக் குழிகளைத் தேடியவர்களும் இந்த வட்டத்தைச் சேர்ந்தவர்களே. அவர்களில் ஒருவரான சதீஷ் பாஸ்கர் பின்னாளில் இந்தியக் கடற்கரையில் ஏறத்தாழ 4000 கி.மீ. நடந்தே ஆமைகளைக் கணக்கெடுத்தார். பட்டம் முடித்ததும் விஜயா முழுநேர ஊழியரானார். சுற்றிலும் பாம்பிலும் முதலையிலும் பித்துக்கொண்டிருந்தவர்கள். அவர் எடுத்துக்கொண்டது ஆமையை.

‘ஆமை புகுந்த வீடு உருப்படாது’ என்று நாம் சொல்லிப் பழகியிருக்கிறோம். அந்த அச்சம் வீட்டு வாசலோடு நின்றுவிட்டது. தூத்துக்குடியிலும் மன்னார் வளைகுடாக் கரையிலும் பேராமையின் இரத்தத்தை மருந்தென்று குடித்தார்கள். குளத்துப் பாலாமையும் வயல்வெளிக் காராமையும் குழம்புக்குப் போயின. கங்கைப் படுகையின் மென்னோட்டு ஆமைகள் கல்கத்தாச் சந்தைகளுக்குப் போயின. எந்த ஆமை எங்கே எவ்வளவு விற்கிறது என்ற கணக்கு யாரிடமும் இல்லை. விஜயாவின் பணியில் பெரும்பகுதி இந்தக் கணக்கை எடுப்பதில் கழிந்தது. ஊர் ஊராக, சந்தை சந்தையாகப் போவது, விற்பவரிடம் பேச்சுக்கொடுத்து எந்த ஆற்றிலிருந்து வந்தது என்று கேட்பது, குப்பையில் கிடக்கும் ஓட்டுத் துண்டைப் புரட்டி இனம் காண்பது. சிறுத்தை, யானை ஆய்வுகளில் இருக்கும் கவர்ச்சி இதில் கிடையாது. கண்முன்னே அறுபடும் விலங்கைத் தடுக்க முடியாமல் நோட்டுப் புத்தகத்தில் எண்ணாக எழுதிக்கொள்ளும் வேலை அது. தனியாகப் பயணம் செய்யும் இளம்பெண்ணை மீன் சந்தை எப்படிப் பார்க்கும் என்பதையும் சேர்த்துத்தான் அதன் கடினத்தை அளக்க வேண்டும்.

இந்தக் கணக்கெடுப்பு அவரை மேற்கு வங்கத்தின் தீகா கடற்கரைக்கு இட்டுச் சென்றது. பங்குனி ஆமைகள் ஒடிசாக் கரையில் முட்டையிடக் கூட்டமாக வரும் பருவத்தில் வலைகளில் சிக்கின. துடுப்புகள் கட்டப்பட்டு, மல்லாக்கப் புரட்டிப்போடப்பட்ட நிலையில் கரையில் குவிந்தன. அங்கிருந்து நகரச் சந்தைகளுக்கு ஏற்றப்பட்டன. மல்லாந்த கடலாமை மணலில் தானாகத் திரும்பாது; நுரையீரல் தன் உடற்பாரத்திலேயே அழுந்த, மணிக்கணக்கில் மெல்லச் சாகும். பங்குனி ஆமை 1977-லேயே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் ஏறிவிட்ட உயிரினம். அதாவது புலிக்கு இருந்த அதே காப்பு, காகிதத்தில். விஜயா எடுத்த படங்கள் 1982-ல் ‘இந்தியா டுடே’ இதழில் வெளியாயின. அவற்றைப் பார்த்த பிரதமர் இந்திரா காந்தி, வலசைப் பருவத்தில் ஆமைகளைக் காக்கக் கடலோரக் காவல்படைக்கு உத்தரவிட்டார். கடலாமைகளைக் காக்கும் பணி இன்றும் கடலோரக் காவல்படையின் அலுவல்களில் இருக்கிறது. அது தொடங்கிய கதையைச் சொல்பவர்கள் பிரதமரை மறப்பதில்லை; படமெடுத்தவர் பெயர்தான் விட்டுப்போகிறது.

சூரல் ஆமையின் கதை கொச்சியில் தொடங்கிச் சென்னைக்கு வருகிறது. 1911-ல் அன்றைய கொச்சி சமஸ்தானத்துக் காட்டில், கவலை என்னும் இடத்துக்கு அருகே, ஏறத்தாழ 1500 அடி உயரத்தில் இரண்டு சிறிய ஆமைகள் கிடைத்தன. அங்கே காட்டு மரங்களைச் சாலக்குடிக்கு இறக்க டிராம் பாதை போட்டிருந்தார்கள். ஆமைகளுக்கு 1912-ல் ‘கியோமைடா சில்வாட்டிகா’ என்று பெயரிட்டு விவரித்தவர் சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளர் ஜான் ராபர்ட்சன் ஹெண்டர்சன். நண்டு இனங்களில் வல்லவர். ஹைதர், திப்பு நாணயங்களைப் பற்றி நூலெழுதியவரும் இவரே. காடர் பழங்குடியினர் அந்த ஆமையைச் சூரல் ஆமை என்றார்கள். சூரல் என்றால் பிரம்பு. ஆங்கிலத்தில் நின்ற பெயரும் இதன் மொழிபெயர்ப்புதான். அதற்குப் பிறகு ஆய்வுலகுக்கு ஓர் ஆமைகூடக் கிடைக்கவில்லை. பாடநூல்கள் ஹெண்டர்சனின் இரண்டு ஆமைகளை வைத்தே அதை வகைப்படுத்தின, இடம் மாற்றின, ‘ஹியோசெமிஸ்’ என்று வேறு பேரினத்தில் வைத்தன.

ஏன் கிடைக்கவில்லை என்பதற்கு ஆமையே பதில். முழுதாக வளர்ந்தாலும் உள்ளங்கையைவிடச் சற்றே பெரிது. ஓடு 13 செ.மீ. அளவைத் தாண்டுவது அரிது. முதுகில் நீளவாக்கில் மூன்று வரப்புகள். நிறம் உதிர்ந்து நனைந்த இலையின் பழுப்பு. பசுமைமாறாக் காட்டின் தரையில் சருகுக்குள் புதைந்து கிடக்கும். காலால் இடறினாலும் கல்லென்று நினைத்துக் கடந்துவிடலாம். தலையை நீட்டினால் மட்டும் வேறு விலங்காகிவிடும். மஞ்சள் தாடை, மூக்கின் நுனியில் ஒரு சிவப்புப் பொட்டு. நத்தை, மரவட்டை, உதிர்ந்த பழம் எல்லாம் தின்னும். நீர்வாழ் ஆமைக் குடும்பத்தைச் சேர்ந்ததாயினும் ஓடைக்குள் தேடிப் பயனில்லை.

1982-ல் விஜயா சாலக்குடிக் காடுகளுக்குப் போனபோது, தேடவேண்டிய இடம் எது என்று தெரிந்தவர்கள் காடர்கள்தான். அவர்களைப் பொறுத்தவரை அந்த ஆமை ஒருநாளும் தொலைந்துபோகவில்லை. இடையிடையே பிடித்துச் சமைக்கும் உணவு. விஜயா அவர்களிடம் கேட்டார், அவர்களோடு நடந்தார், காட்டுக்குள்ளேயே தங்கினார். ஆமை கிடைத்தது. ‘மறுகண்டுபிடிப்பு’ என்ற சொல்லுக்கு இவ்வளவுதான் பொருள்: காட்டில் தெரிந்திருந்த ஒன்று நூலகத்துக்குத் தெரியவந்தது. இதைச் சொல்வதால் விஜயாவின் பெருமை குறைவதில்லை. 70 ஆண்டுகளில் வேறெவரும் அந்தக் கேள்வியோடு அத்தனை பொறுமையாகக் காடர்களிடம் போயிருக்கவில்லை.

கண்டறிந்த செய்தியை அவர் தனியாக எழுதி, பாம்புப் பண்ணையின் ‘ஹமட்ரையாட்’ செய்திமடலில் அதே ஆண்டு வெளியிட்டார். கட்டுரை இரண்டு பக்கம். ராஜநாகத்தின் ஆங்கிலப் பெயரொன்றைத் தாங்கிய இந்த மடல் பிற்காலத்தில் மதிப்புள்ள ஆய்விதழாக வளர்ந்தது. அப்போது உறுப்பினர்களைத் தாண்டி அதைப் படித்தவர்கள் சிலரே. 1983-ல் ‘ஓரிக்ஸ்’ இதழில் வந்த கட்டுரையில் ஊர்வன ஆய்வாளர்கள் பிரையன் குரூம்பிரிட்ஜ், எட்வர்ட் மோல் ஆகியோருக்கு அடுத்து மூன்றாவது பெயராக விஜயா வருகிறார். 1986-ல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழக இதழில் மூவரும் ஆமையை முழுமையாக மறுவிவரணம் செய்தனர். அங்கும் மூன்றாவது பெயர். வெளிநாட்டு நூல்பட்டியல்களில் மேற்கோளாவது பெரும்பாலும் இந்த இரண்டுமே. களத்தில் முதலில் நின்றவர் தாளில் ‘மற்றும் பிறர்’ ஆகிவிடுவது அறிவியலில் புதிதன்று. அதில் சதி தேடவும் வேண்டியதில்லை. ஆனால் விளைவு விளைவுதான்.

கண்டதோடு அவர் விடவில்லை. மீண்டும் மீண்டும் காட்டுக்குப் போய் ஆமை எங்கே ஒதுங்குகிறது, எப்போது நடமாடுகிறது, எதைத் தின்கிறது என்று குறித்தார். இவ்வகை ஆய்வில் ஒவ்வொரு ஆமையையும் காலிப்பரால் அளப்பார்கள், தராசில் தொங்கவிடுவார்கள், ஓட்டின் ஓரத் தகட்டில் அரத்தால் சிறு வெட்டுக் குறி போட்டு, பிடித்த இடத்திலேயே விடுவார்கள். அடுத்த முறை அகப்பட்டால் குறியைப் பார்த்து ஆளை அடையாளம் காணலாம். சருகுக்குள் அடங்கிய ஆமை அடுத்த முறை அகப்பட மாதங்கள் ஆகும். சில ஆமைகளை வடநெம்மேலியில் வளர்த்தும் கவனித்தார். 1976-ல் முதலைகளுக்காகத் தொடங்கிய அந்தப் பண்ணை ஆமைகளுக்கும் இடமானது இந்தக் காலத்தில்தான்.

1987-ல் அவர் உடல் காட்டில் கண்டெடுக்கப்பட்டது. வயது முப்பதைத் தொடவில்லை.

பிறகு நெடுங்காலம் பேச்சில்லை. முனைவர் பட்டமோ பல்கலைக்கழகப் பதவியோ இல்லாதவர். தொடர்ந்து எழுத மாணவர்கள் இல்லை. விலங்கியல் பாடநூல்களில் அவருக்கு ஒரு வரி கிடைத்ததாகத் தெரியவில்லை. 2006-ல் பிரஷாக், ஃபிரிட்ஸ் முதலானோர் செய்த மரபணு ஆய்வில், கிழக்காசியாவின் ‘கியோமைடா’ ஆமைகளுக்கும் இதற்கும் நெருங்கிய உறவில்லை என்று தெரிந்தது. தனிப் பேரினம் தேவைப்பட்டது. கிரேக்கத்தில் ஆமையைக் குறிக்கும் ‘கெலிஸ்’ என்பதோடு அவர் பெயரைச் சேர்த்து ‘விஜயாகெலிஸ்’ என்றார்கள். அந்தப் பேரினத்தில் இன்றுவரை ஒரே இனம், விஜயாகெலிஸ் சில்வாட்டிகா. மேற்குத் தொடர்ச்சி மலைக்கு வெளியே அது உலகில் எங்கும் இல்லை.

தன் பெயரைத் தானே ஓர் உயிரினத்துக்கு வைத்துக்கொள்வது விலங்கியலாரிடையே அநாகரிகம். ஆகவே 2009-ல் ‘கெலோனியன் கன்சர்வேஷன் அண்ட் பயாலஜி’ இதழில் வந்த ஒரு கட்டுரை விசித்திரமானது. சூரல் ஆமையின் வாழ்வியல் பற்றியது. தலைப்பில் ‘விஜயாகெலிஸ் சில்வாட்டிகா’ என்றிருக்கிறது. ஆசிரியர்கள் இருவர்: நிகில் விட்டேகர், ஜெ. விஜயா. இரண்டாம் ஆசிரியர் இறந்து 22 ஆண்டுகள் ஆகியிருந்தன. 1982-ல் தன் இரண்டு பக்கக் கட்டுரையில் அவர் அந்த ஆமையை ‘ஹியோசெமிஸ்’ என்றுதான் எழுதியிருந்தார்.